ஃபயர்வால் எதைக் காக்கும், எதைக் காக்காது: பலர் பகிரும் வீட்டு இணையத்துக்கு ஓர் எளிய விளக்கம்

மதுரையில் என் தங்கை குடியிருப்பது ஒரு மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரர் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஃபைபர் இணைப்பு. கட்டணத்தில் பாதியைத் தங்கை வீட்டார் மாத வாடகையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். சென்ற ஆண்டு நான் அங்கே போயிருந்தபோது, தம் கணினியில் பிரிண்டர் தெரியவில்லை என்று வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். ஃபைல் எக்ஸ்புளோரரில் ‘நெட்வொர்க்’ என்ற இடத்தைத் திறந்தேன். பட்டியலில் முதலாவதாக என் தங்கை கணவரின் லேப்டாப் பெயர் இருந்தது. அதைச் சொடுக்கியதும், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் ஒரு டிரைவ் முழுவதும் திறந்துகொண்டது. ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் ஸ்கேன், குழந்தையின் மருத்துவச் சீட்டுகள், சம்பளப் பட்டியல் என்று எல்லாம் வரிசையாகக் கிடந்தன. வீட்டுக்காரர் கண்ணியமானவர். திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, “தம்பி, இது மாடி வீட்டுது போலிருக்கு, மூடிடுங்க” என்றார்.

மாடிக்குப் போய்த் தங்கையிடம் சொன்னேன். அவள் திகைத்துப்போய்க் கேட்டாள்: “ரவுட்டர்லயே ஃபயர்வால் இருக்கு, பயமே இல்லன்னு கனெக்‌ஷன் குடுக்க வந்தவங்க சொன்னாங்களேண்ணே. அப்புறம் எப்படி?”

அவளுக்குச் சொன்னதில் பொய் இல்லை. அந்த ரவுட்டரில் ஃபயர்வால் இருந்தது. தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டும் இருந்தது. ஆனால் அதன் வேலை எது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ‘ஃபயர்வால் இருக்கிறது’ என்ற ஒரே வாக்கியத்தை நம்பி ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்கள், மேன்ஷன் அறைகள், மாணவர் விடுதிகள் எத்தனையோ உள்ளன. அந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கணினிப் படிப்பு இல்லாதவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெயர் வந்த வழி

ஃபயர்வால் என்ற சொல் கணினிக்காகப் பிறந்ததன்று. வரிசையாக ஒட்டிக் கட்டிய கட்டடங்களில், ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவாமலிருக்க நடுவே எழுப்பும் எரியாத சுவருக்குக் கட்டடத்துறையில் வழங்கும் பெயர் அது. தமிழில் தீயரண் என்றும் தீச்சுவர் என்றும் எழுதுகிறார்கள். பேச்சில் எல்லோரும் ஃபயர்வால் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுத் தீ நம் வீட்டுக்கு வராமல் அந்தச் சுவர் தடுக்கும். நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே தீப்பிடித்தால் கூடத்தைக் காப்பாற்ற அந்தச் சுவரால் ஆவது ஒன்றுமில்லை. கணினியில் உள்ள ஃபயர்வாலும் இப்படித்தான்: அது எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே நிற்கிறதோ, அந்த இரண்டுக்கும் இடையே போய்வருவதை மட்டுமே அதனால் பார்க்க முடியும். இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் எளிது.

தபாலும் கதவு எண்ணும்

இணையத்தில் ஒரு படமோ கடிதமோ முழுசாகப் போவதில்லை. சிறு சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டுப் போகிறது. அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். தபால் உறையைப் போல ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் அனுப்புபவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் எழுதப்பட்டிருக்கும். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட எண்களாக இருக்கும் அந்த முகவரிதான் ஐபி முகவரி.

முகவரி மட்டும் போதாது. ஒரே கணினியில் ஒரே நேரத்தில் பிரவுசர் ஓடும், மின்னஞ்சல் வரும், கோப்புப் பகிர்வும் நடக்கும். வந்த பாக்கெட் இவற்றில் யாருக்கு உரியது என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காக முகவரியோடு ஒரு கதவு எண்ணும் சேர்க்கப்படுகிறது. அதற்குப் போர்ட் என்று பெயர். ஒரு கணினியில் 65,535 வரை போர்ட் எண்கள் உண்டு. பூட்டுக் குறியோடு வரும் பாதுகாப்பான இணையதளங்கள் 443-ஆம் போர்ட்டைப் பயன்படுத்துகின்றன. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வது 445-ஆம் போர்ட்டில். தொலைவிலிருந்து ஒரு விண்டோஸ் கணினியை இயக்குவதற்கு 3389.

ஒரு கதவு ‘திறந்திருக்கிறது’ என்றால் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மென்பொருள் உட்கார்ந்து, வருபவருக்குப் பதில் சொல்லக் காத்திருக்கிறது என்று பொருள். அந்த மென்பொருளில் பிழை இருந்தாலோ, அது யார் வந்தாலும் உள்ளே விடுவதாக இருந்தாலோ ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பின்னால் யாரும் இல்லாத கதவைத் தட்டி யாரும் எதையும் பெற முடியாது.

ஃபயர்வால் என்பது, வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலுறையையும் படித்து, ‘இந்த முகவரியிலிருந்து இந்தக் கதவுக்கு வரலாமா’ என்று விதிப்பட்டியலோடு ஒப்பிட்டு, விடவோ தடுக்கவோ செய்யும் ஒரு காவல். அடுக்ககத்தின் வாசலில் உட்கார்ந்து, ‘எந்த ஃபிளாட், யாரைப் பார்க்க வேண்டும்’ என்று கேட்கும் காவலாளியின் வேலை அது. உறையைப் பிரித்துக் கடிதத்தைப் படிப்பது பெரும்பாலும் அவர் வேலை அன்று.

ரவுட்டர் வைத்திருக்கும் குறிப்பேடு

வீட்டு ரவுட்டர் இந்தக் காவலை எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். இன்றும் பரவலாகப் பயன்படும் பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடிதான். உலகிலுள்ள ஒவ்வொரு கைபேசிக்கும் டிவிக்கும் ஒன்று கொடுக்க அது போதாது என்பது 1990-களிலேயே தெரிந்துவிட்டது. அதனால், வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு முகவரி, வீட்டுக்குள் நம் விருப்பத்துக்கு முகவரிகள் என்ற ஏற்பாட்டை 1994-இல் முன்வைத்தார்கள். இதற்கு நாட் என்று பெயர். 192.168 என்று தொடங்கும் எண்களை நம் வீட்டுக் கருவிகளில் பார்க்கிறோமே, அவை இப்படி உள்வட்டாரத்துக்கென ஒதுக்கப்பட்டவை. லட்சக்கணக்கான வீடுகளில் இதே எண்கள் இருக்கும். வெளியுலகில் அவற்றுக்கு மதிப்பு இல்லை.

உங்கள் கைபேசி ஒரு செய்தித்தளத்தைக் கேட்டால், ரவுட்டர் அந்த வேண்டுகோளின் மேல் தன் வெளிமுகவரியை எழுதி அனுப்பிவிட்டு, ‘இதைக் கேட்டது இந்தக் கைபேசி’ என்று தன் குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறது. பதில் வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. யாரும் கேட்காமல் தானாக வந்த பாக்கெட்டுக்குக் குறிப்பேட்டில் இடமில்லை. ஆகவே அதைக் கீழே போட்டுவிடுகிறது. நாம் கேட்டதற்கு வந்த பதில் எது, அழையாமல் வந்தது எது என்று நினைவில் வைத்துப் பிரித்தறியும் இந்தத் திறமைதான் வீட்டு ஃபயர்வாலின் உயிர்.

நாட் இருந்தாலே ஃபயர்வால் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். நாட் முகவரிப் பஞ்சத்துக்காக வந்தது. அழையா விருந்தாளிகள் தடுக்கப்படுவது அதனால் கிடைக்கும் பக்கப்பயன். புதிய ஐபிவி6 முறையில் முகவரிகளுக்குப் பஞ்சமே இல்லாததால் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுவதற்கும் செல்லுபடியாகும் தனி முகவரி கிடைத்துவிடும். அங்கே நாட் என்ற திரை இல்லை, ரவுட்டரின் ஃபயர்வால் விதி மட்டுமே காவல். இந்தியாவில் ஐபிவி6 வேகமாகப் பரவியிருப்பதால், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஐபிவி6 ஃபயர்வால் என்று தனியாக ஒரு வரி இருந்தால் அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னதைச் சுருக்கிச் சொன்னால்: பாக்கெட் என்பது தபால் உறை, ஐபி முகவரி வீட்டு எண், போர்ட் கதவு எண். வெளியிலிருந்து அழையாமல் வரும் உறைகளை ரவுட்டர் ஃபயர்வால் வாசலிலேயே நிறுத்துகிறது.

வாசலைத் தாண்டாத போக்குவரத்து

இனி என் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். ரவுட்டர் என்று நாம் சொல்லும் அந்தச் சிறு பெட்டிக்குள் மூன்று கருவிகள் சேர்ந்து இருக்கின்றன. வீட்டையும் இணையத்தையும் இணைக்கும் ரவுட்டர் ஒன்று. வீட்டுக்குள் கம்பி வழியே வரும் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் ஒன்று. வைஃபை வழியே வருபவற்றை இணைக்கும் அலைக்கருவி ஒன்று. ஃபயர்வால் உட்கார்ந்திருப்பது முதல் கருவியில், அதாவது இணையம் உள்ளே வரும் இடத்தில்.

கீழ்வீட்டுக் கணினி மாடி வீட்டு லேப்டாப்போடு பேசும்போது அந்தப் பாக்கெட்டுகள் இணையத்துக்குப் போவதே இல்லை. ஸ்விட்சும் அலைக்கருவியுமே அவற்றைக் கைமாற்றிவிடுகின்றன. வாசல் காவலாளியின் கண்ணில் அவை படுவதே இல்லை. அடுக்ககத்துக்குள் இரண்டாம் தளத்துக்காரர் மூன்றாம் தளத்துக்குப் படியேறிப் போவதை வாசலில் இருப்பவர் எப்படிக் கேட்பார்?

ஒரே குடும்பம் மட்டும் வாழும் வீட்டில் இது பெரிய குறையாகத் தெரியாது. பிரிண்டரும் டிவியும் கைபேசியும் தடையின்றிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள். ஆனால் வைஃபை கடவுச்சொல்லைப் பெற்ற எல்லோரையும் அந்தப் பெட்டி ஒரே குடும்பமாகவே கருதுகிறது. வீட்டுக்காரர், குடித்தனக்காரர், டியூஷனுக்கு வரும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த விருந்தாளி என்ற வேற்றுமை அதற்குத் தெரியாது. வைஃபை கடவுச்சொல் அலைகளை வெளியாள் ஒட்டுக்கேட்காமல் தடுக்கும். கடவுச்சொல் தெரிந்தவர்களைத் தனித்தனியாகப் பிரித்துவைக்காது.

இந்த ஆபத்துக்குக் கெட்ட எண்ணமுள்ள மனிதர் எவரும் தேவையில்லை. 2017 மே 12 அன்று வெளிப்பட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் (கணினியைக் கெடுக்க எழுதப்பட்ட மென்பொருள்) இதற்குச் சான்று. விண்டோஸின் கோப்புப் பகிர்வு மென்பொருளில் இருந்த பிழையைப் பயன்படுத்தி, 445-ஆம் போர்ட் வழியாக அது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டதாக ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் மதிப்பிட்டது. யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதே நெட்வொர்க்கில் அந்தக் கதவு திறந்திருந்து, அப்டேட் செய்யப்படாமல் இருந்தாலே போதும். பிழையைத் திருத்தும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. வாசல் ஃபயர்வால் 445-ஐ அடைத்து வைத்திருந்த இடங்களிலும், உள்ளே ஒரு கணினி எப்படியோ மாட்டிக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாக விழ வழி இருந்தது. அலுவலகத்திலோ கல்லூரியிலோ நோய் பிடித்த லேப்டாப் ஒன்று மாலையில் பையோடு வீட்டுக்குள் நுழையும்போது எந்த ஃபயர்வாலும் அதை நிறுத்திக் கேட்பதில்லை.

கணினிக்குள் இருக்கும் இரண்டாவது ஃபயர்வால்

அப்படியானால் உள்ளிருந்து வருவதை யார் தடுப்பது? ஒவ்வொரு கணினிக்குள்ளும் தனியே இருக்கும் ஃபயர்வால்தான். வாசலில் காவலாளி இருந்தாலும் அவரவர் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறோம் அல்லவா, அது இதுதான்.

இந்தப் பழக்கம் அனுபவத்தால் வந்தது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தும், அது அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற தீநிரல் திறந்த கதவுகள் வழியே உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட் முதல், ஃபயர்வால் இயங்கும் நிலையிலேயே விண்டோஸ் வருகிறது.

விண்டோஸில் புதிய வைஃபையோடு இணையும்போது, மற்றக் கருவிகள் இந்தக் கணினியைக் காண அனுமதிக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். அல்லது அமைப்புகளில் ‘பொது’, ‘தனிப்பட்டது’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பலர் ‘இது என் சொந்த வீடு’ என்று எண்ணி, தனிப்பட்டது என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் சொல்லின் உண்மைப் பொருள் வேறு: ‘இந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லோரையும் நான் நம்புகிறேன், என்னை அவர்களுக்குக் காட்டு’ என்பதே அது. பொது என்று தேர்ந்தெடுத்தால் கணினி தன்னை மறைத்துக்கொண்டு, கோப்புப் பகிர்வுக் கதவுகளை அடைத்துவிடும். இணையம் பார்ப்பதற்கு இதனால் ஒரு குறையும் வராது. அடுத்த வீட்டாரோடு இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், நம் கூரையின் கீழேயே இருந்தாலும், அது பொது நெட்வொர்க்தான்.

தங்கை வீட்டு லேப்டாப்பில் நடந்தது என்ன என்று பிறகு பார்த்தேன். இரண்டாவது லேப்டாப்பிலிருந்து பிரிண்ட் எடுக்க வரவில்லை என்று சில மாதங்களுக்கு முன் ஒருவரை வரவழைத்திருக்கிறார்கள். அவர் தனிப்பட்டது என்று மாற்றி, ஃபயர்வாலை முழுதாக அணைத்து, கடவுச்சொல் கேட்கும் பகிர்வையும் நிறுத்தி, ஒரு டிரைவை ‘எல்லோருக்கும்’ என்று பகிர்ந்துவிட்டுப் போயிருக்கிறார். பிரிண்ட் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. ‘வேலை செய்யவில்லையா, ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்கள்’ என்ற அறிவுரை நம்மிடையே மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது. அணைத்துப் பார்ப்பது கோளாறு எங்கே என்று அறிய உதவலாம். அறிந்த பிறகு அதை மீண்டும் இயக்கி, தேவையான ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அனுமதி கொடுப்பதுதான் முறை. அப்படி முடிக்காமல் போனவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அந்த டிரைவில் இருந்தது ஒரு குழந்தையின் மருத்துவச் சீட்டு.

இந்தப் பகுதியின் சுருக்கம் இது: வெளியிலிருந்து வருவதற்கு ரவுட்டர் ஃபயர்வால், உள்ளேயே நகர்வதற்குக் கணினியின் சொந்த ஃபயர்வால். பகிர்ந்த நெட்வொர்க்கில் இரண்டாவதே அதிகம் உழைக்க வேண்டியது.

உள்ளேயிருந்தே திறக்கப்படும் கதவுகள்

ரவுட்டர் ஃபயர்வாலை வெளியாள் உடைத்துக்கொண்டு வருவது அரிது. வீட்டுக்குள் இருக்கும் ஒருவரோ ஒரு கருவியோ திறந்து வைத்த கதவு வழியாக வருவதே வழக்கம்.

முதலாவது, போர்ட் ஃபார்வேர்டிங். ‘வெளியிலிருந்து இந்தக் கதவுக்கு வருவதை அந்தக் கருவிக்கு அனுப்பு’ என்று ரவுட்டரில் எழுதிவைக்கும் நிரந்தர விதி அது. ஊரில் இருந்தபடி வீட்டுக் கேமராவைக் கைபேசியில் பார்க்க வேண்டும் என்று கேட்டதும், கேமரா பொருத்த வந்தவர் இதைச் செய்துவிட்டுப் போவதுண்டு. வீட்டுக்காரருக்குத் தெரியும் கேமரா அப்போது உலகத்துக்கே தெரிகிறது. நடுவில் இருப்பது அந்தக் கேமராவின் கடவுச்சொல் மட்டும்.

அந்தக் கடவுச்சொல்லின் கதை 2016-இல் உலகுக்குத் தெரிந்தது. மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வைக்கப்பட்டிருக்கும் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளில் ஏறத்தாழ 60-ஐ மட்டும் பட்டியலாக வைத்துக்கொண்டு, இணையத்துக்குத் திறந்திருந்த கேமராக்கள், பதிவுக் கருவிகள், ரவுட்டர்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. மாட்டிக்கொண்ட கருவிகளைப் படையாகத் திரட்டி, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று பல இணையதளங்களின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித்தரும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு எட்டாமல் போயின. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் வீட்டிலிருந்து தாக்குதல் போவது தெரிய வழியே இல்லை. கேமரா வழக்கம்போல் வாசலைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவது, யூபிஎன்பி. வீட்டுக்குள் இருக்கும் ஒரு கருவி ரவுட்டரிடம், ‘எனக்காக இந்தக் கதவைத் திறந்து வை’ என்று தானாகக் கேட்கவும், ரவுட்டர் கடவுச்சொல் கேட்காமல் திறந்துவிடவும் வழிசெய்யும் ஏற்பாடு இது. விளையாட்டுக் கருவிகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வந்தது. பகிர்ந்த வீட்டில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள்: மாடியில் உள்ள ஒரு மலிவான கேமராவோ, ஒரு பையன் இறக்கிய மென்பொருளோ, எல்லோருக்கும் பொதுவான வாசலில் தன் விருப்பத்துக்கு ஓட்டை போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் அறிவிப்பு வராது. இன்றியமையாத தேவை இல்லாத வீட்டில் இதை நிறுத்திவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது, டபிள்யூபிஎஸ். ரவுட்டரில் ஒட்டியிருக்கும் 8 இலக்க எண்ணைக் கொடுத்து வைஃபையில் இணையும் வசதி. 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் அந்த எண் இரண்டு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்க்கப்படுகிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011 டிசம்பரில் வெளிப்பட்டது. எவ்வளவு நீளமான வைஃபை கடவுச்சொல் வைத்திருந்தாலும் இந்தப் பின்கதவு திறந்திருந்தால் பயனில்லை. இதையும் நிறுத்திவிடலாம்.

ரவுட்டரின் சாவி

ஃபயர்வால் விதிகள் எல்லாம் எழுதப்பட்டிருப்பது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில். 192.168.1.1 போன்ற ஒரு முகவரியைப் பிரவுசரில் இட்டால் அது திறக்கும். அதற்குள் நுழையும் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் மாற்றிவிட்டு முதலாவதை, கருவியின் அடியில் அச்சடித்தபடியே விட்டுவிடுகிறார்கள். அப்படியானால் வைஃபையில் இருக்கும் எவரும் காவலாளிக்கு உத்தரவிடலாம்.

அவர் செய்யக்கூடியவற்றுள் மிக மோசமானது, டிஎன்எஸ் அமைப்பை மாற்றுவது. இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி முகவரியைத் தேடித்தரும் தொலைபேசிக் கையேடு போன்றது டிஎன்எஸ். கையேட்டையே மாற்றிவைத்துவிட்டால், சரியான பெயரைத் தட்டினாலும் தவறான வாசலில் போய் நிற்போம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் இந்த வேலையைச் செய்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அதன் பின்னணியில் இருந்தவர்களின் கைதை அறிவித்தபோது, 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் 40 லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்பட்டிருந்ததாகக் கூறியது. ஒரு கணினியில் புகுந்ததும், அந்த வீட்டு ரவுட்டருக்குள் தொழிற்சாலைக் கடவுச்சொல்லால் நுழையவும் அது முயன்றது. நுழைந்துவிட்டால் ஒருவர் கணினியில் வந்த நோய் அந்த வாசலைப் பயன்படுத்தும் அத்தனை பேரையும் பிடித்துக்கொள்ளும்.

ஃபயர்வால் பார்த்தும் தடுக்காதவை

உள்ளிருந்து வெளியே போகும் வேண்டுகோள்களை வீட்டு ரவுட்டர் பொதுவாகத் தடுப்பதில்லை. நாமே கேட்டது என்று எண்ணி விட்டுவிடுகிறது. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) ஒருவர் கைபேசியில் நிறுவிவிட்டால், அந்தச் செயலியே வெளியில் இருக்கும் தன் எசமானோடு 443-ஆம் போர்ட்டில் தொடர்புகொள்ளும். மற்ற இணையதளங்கள் போகும் அதே கதவு. உறைக்குள் இருப்பதும் பூட்டப்பட்டிருப்பதால் ரவுட்டருக்கு வேறுபாடு தெரியாது. எந்தச் செயலியை நிறுவுகிறோம் என்ற விழிப்புக்கு ஃபயர்வால் ஈடாகாது.

பகிர்ந்த இணைப்பில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழைய வகை ஐபி முகவரியில், வெளியுலகுக்கு வீடு முழுவதும் ஒரே முகவரி. மாடியில் நடந்த தவறுக்கும் விசாரணை முதலில் வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்.

பகிர்ந்த இணைப்பை எப்படிப் பிரிப்பது

செலவில்லாத வழி, ரவுட்டரில் இருக்கும் கெஸ்ட் நெட்வொர்க். வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் கொண்ட இரண்டாவது வைஃபை அது. அதில் இணைபவருக்கு இணையம் மட்டும் கிடைக்கும். முதன்மை நெட்வொர்க்கில் உள்ள கணினியும் கேமராவும் அவருக்குத் தெரியாது. ஆனால் எல்லாப் பெட்டிகளிலும் இது உண்மையாகப் பிரிப்பதில்லை. சிலவற்றில் இரண்டாவது பெயர் மட்டும் கிடைக்கும், உள்ளே எல்லாம் ஒரே கூடம்தான். சோதிக்க எளிய வழி: கெஸ்ட் வைஃபையில் கைபேசியை இணைத்து, முதன்மை நெட்வொர்க்கில் உள்ள டிவியோ பிரிண்டரோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பிரிவு இல்லை. கெஸ்டில் நிரந்தரமாக இருப்பவருக்கு ஒரு சங்கடமும் உண்டு: பல ரவுட்டர்கள் கெஸ்டில் உள்ளவர்களையும் ஒருவரையொருவர் காணவிடாது. அவர் வீட்டு லேப்டாப்பிலிருந்து அவர் வீட்டு பிரிண்டருக்கே அனுப்ப முடியாமல் போகலாம்.

குடித்தனம் நீண்டகாலம் என்றால் தனி ரவுட்டர் நல்லது. வீட்டுக்காரர் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, குடித்தனக்காரர் தம் சொந்தச் சிறு ரவுட்டரின் இணைய வாயிலில் செருகிக்கொள்ள வேண்டும். இப்போது அந்தச் சிறு ரவுட்டருக்குக் கீழ்வீடு முழுவதுமே ‘வெளியுலகம்’. கீழிருந்து அழையாமல் வரும் எதையும் அதன் ஃபயர்வால் தடுத்துவிடும்.

இங்கே பெரும்பாலோர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. காவல் ஒரு திசையில்தான். மாடியிலிருந்து புறப்படும் வேண்டுகோள் சிறு ரவுட்டரைக் கடந்து, கீழ்வீட்டு நெட்வொர்க்கின் வழியாகத்தானே இணையத்துக்குப் போக வேண்டும்? ஆகவே வழியில் இருக்கும் கீழ்வீட்டுக் கேமராவையும் கணினியையும் அதனால் எட்ட முடியும். உள்ளறையில் இருப்பவர் கூடத்தைக் கடந்து தெருவுக்குப் போகிறார். கூடத்தில் இருப்பவர் உள்ளறைக்குப் போக முடியாது. குடித்தனக்காரருக்குப் பாதுகாப்பு, வீட்டுக்காரருக்கு இல்லை. இரண்டு பக்கமும் காவல் வேண்டுமானால் ஃபைபர் பெட்டியில் வேறு எதையும் இணைக்காமல், இரு வீட்டுக்கும் ஆளுக்கொரு சிறு ரவுட்டர் வைத்து, அந்த இரண்டை மட்டும் அதில் செருக வேண்டும். அப்போது கூடம் காலியாக இருக்கும், இரண்டு குடும்பமும் எதிரெதிர் அறையில் இருக்கும். மூன்று பெட்டிகளுக்கும் உள்முகவரி எண்கள் வெவ்வேறாக, எடுத்துக்காட்டாக 192.168.1, 192.168.2, 192.168.3 என்று தொடங்கும்படி அமைத்தால் குழப்பம் வராது. ஃபைபர் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் கையில் டிஎன்எஸ் அமைப்பு அப்போதும் இருக்கும் என்பதால், அந்தக் கடவுச்சொல்லைப் பற்றி இரு வீட்டாரும் பேசி முடிவுசெய்துகொள்வது அவசியம்.

மதுரை வீட்டில் செய்தது

அன்று மாலையே தங்கை கணவரின் லேப்டாப்பில் ஃபயர்வாலை இயக்கி, டிரைவ் பகிர்வை நீக்கி, நெட்வொர்க்கைப் பொது என்று மாற்றினேன். பிரிண்டரை அன்றைக்கு யூஎஸ்பி கம்பியில் இணைத்தாயிற்று. மறுநாள் மாடிக்கு ஒரு தனி ரவுட்டர் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, நான் மேலே எழுதிய திசை விஷயத்தை வீட்டுக்காரரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சற்று யோசித்து, “அப்போ உங்க வீட்லேர்ந்து எங்க கேமராவப் பாக்கலாம்னுதானே அர்த்தம், தம்பி? எனக்கும் ஒண்ணு சேத்து வாங்கிடுங்க” என்றார்.

இரண்டு ரவுட்டர்கள் வந்தன. ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கக் கடவுச்சொல்லை மாற்றினோம். அது அதுவரை அடியில் ஒட்டிய சீட்டில் இருந்ததேதான். யூபிஎன்பியையும் டபிள்யூபிஎஸ்ஸையும் நிறுத்தினோம். கேமராவின் பதிவுக் கருவிக்காக யாரோ எழுதிவைத்திருந்த ஒரு போர்ட் ஃபார்வேர்டிங் விதி அங்கே இருந்தது. வீட்டுக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதை நீக்கி, கருவியின் கடவுச்சொல்லையும் மாற்றினோம். மாடியில் இப்போது தங்கை குடும்பத்தின் கருவிகள் மட்டுமே இருப்பதால், லேப்டாப்பில் நெட்வொர்க்கை மீண்டும் தனிப்பட்டது என்று மாற்றி, ஃபயர்வாலில் பிரிண்டர் பகிர்வுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன்.

கடைசியாகக் கீழே போய், வீட்டுக்காரர் கணினியில் அதே ‘நெட்வொர்க்’ பக்கத்தைத் திறந்து புதுப்பித்துப் பார்த்தேன். அவருடைய பிரிண்டரும் அவருடைய டிவியும் மட்டும் இருந்தன.